படகு எண் கேட்ட படிவம்

நியூ ஜெர்சிக்குப் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் நான் அந்த ஊர்ச் சட்டத்தை மீறினேன். மீன்பிடிச் சட்டங்களைப் பார்த்துப் படித்துவிட்டு வா என்று அனுப்பப்பட்டவன் செய்த காரியம் இது. ஒளிக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பயணத்தில் நான் கற்றுக்கொண்ட மற்றதெல்லாம் அதன் பின்னால்தான் வந்தது.

எங்கள் ஊர் ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை. நண்டுதான் பிழைப்பு. இதுவரை எந்த உரிமம் என்றாலும் இரண்டு பஸ் மாறி நகரத்துக்குப் போக வேண்டும். ஒரு நாள் தொழில் போகும் என்று நண்டுக்கு யாரும் உரிமம் வாங்கியதே இல்லை. இந்த வருடம் ஒரு நல்ல சேதி வந்தது. கரையோர நண்டுக்கு மட்டும், யாருக்கு உரிமம், நண்டு பிடிக்கும் கூடு ஒருவர் எத்தனை வைக்கலாம், எந்த மாதம் பிடிக்கக் கூடாது என்பதை ஊர்க் குழுவே முடிவு செய்து பார்க்கலாம். விதிகளையும் நீங்களே எழுதிக் கொடுங்கள் என்றார்கள் மீன்வளத் துறைக்காரர்கள். எழுதும் வேலை என்னிடம் வந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஊரில் பாதிப் பேருக்கு ரேஷன் கார்டு மனுவிலிருந்து எல்லாம் நான்தான் எழுதுகிறேன். வரைவு ஆறு பக்கம் வந்தது. கடைசிப் பக்கத்தில் விண்ணப்பப் படிவம். அதில் எனக்குத் தனிப் பெருமை.

நான் வேலை பார்க்கும் சிறிய தொண்டு நிறுவனம், அமெரிக்காவில் கடற்கரை ஊர்கள் இதை எப்படிச் செய்கின்றன என்று பார்க்க மூன்று வாரம் அனுப்பியது. நான் திரும்புவதற்கு முன்னால், மூன்றாம் ஞாயிறு ஊர்க்கூட்டம். அங்கே கைதூக்கி ஒப்புக்கொண்டால் வரைவு அப்படியே மேலே போய்விடும். திருத்தம் ஏதாவது இருந்தால் போனில் சொல்லு என்றார் குழுத் தலைவர் அருளப்பன் மாமா.

கிளம்பும் அன்று என் அக்கா சகாயம், கடலிலிருந்து நேராக ஈரச் சேலையோடு பஸ் நிறுத்தத்துக்கு வந்தாள். அக்காவுக்குப் படகு கிடையாது. கழுத்தளவுத் தண்ணீர் வரை நடந்துபோய்க் கூடு வைப்பாள். இடுப்பில் கயிறு கட்டி, பின்னால் ஒரு தெர்மோகோல் பெட்டி மிதக்கும். பிடித்ததெல்லாம் அதில்.

"ஏன்டா, அந்த லைசென்சு எனக்கும் உண்டுல்ல?"

"இல்லாமயா? ஒனக்குத்தான்கா மொதல்ல."

அவள் பெட்டிக்குள் கையை விட்டு ஒரு நண்டை எடுத்து, அமெரிக்காக்காரனுக்குக் கொடு என்று நீட்டினாள். பஸ்ஸே சிரித்தது.

நியூ ஜெர்சியில் என்னைத் தங்க வைத்தவர் மான்மவுத் ஜங்ஷனில் இருக்கும் ரகு. சென்னைக்காரர், கம்ப்யூட்டர் வேலை. சார் என்று கூப்பிட்டேன். "சாரெல்லாம் வேணாம் பிரதர், ஜஸ்ட் ரகு" என்றார். வாய் வரவில்லை. அண்ணன் என்பதில் சமாதானம் ஆனோம். அவர் மனைவி காயத்ரி அண்ணி சுத்த சைவம். வந்த அன்று வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும் போட்டார். விமானத்தில் தின்ற ரொட்டியெல்லாம் மறந்துபோனது.

முதல் இரண்டு நாள் கடற்கரையோரம் ஒரு மீன் இறங்குதளத்தைப் பார்த்தேன். மீனவர்களே சேர்ந்து நடத்தும் கூட்டுறவு. ஐஸ் அவர்களுடையது, எடை மேடை அவர்களுடையது. கரையிலிருந்து மூன்று மைல் வரை கடல் மாநிலத்தின் பொறுப்பு. அதற்கு அப்பால் மத்திய அரசு. அந்த மத்திய அரசும் தன் இஷ்டத்துக்குச் செய்வதில்லை. கடலைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு மன்றம். அதில் மீனவர்களுக்கு நாற்காலி உண்டு. நாற்காலி என்றால் பேச்சுக்குச் சொல்லவில்லை. முன்னால் பெயர்ப்பலகை, தண்ணீர் பாட்டில் எல்லாம் வைத்த நாற்காலி. கூட்டுறவின் சுவரில் மன்றக் கூட்டத்தின் படம் ஒன்று மாட்டியிருந்தது; வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. ரகு அண்ணன் ரகசியக் குரலில், "கிராபிங் போலாமா, நண்டு புடிக்க?" என்றார்.

"அண்ணே, நீங்க சைவம்ல?"

"வீட்டுல சைவம். வெளில கொஞ்சம் ஃப்ளெக்சிபிள். ஹேண்ட் லைன்ல புடிச்சா லைசென்ஸே வேணாம். நான் செக் பண்ணிட்டேன்."

அண்ணியும் மகள் மீராவும் புளியோதரையோடு காரிலேயே இருந்துகொண்டார்கள். மரப்பாலம் ஒன்று உப்பங்கழிக்குள் நீண்டிருந்தது. அங்கே நண்டுக்கு இரை கோழிக் கழுத்து. கயிற்றில் கட்டித் தண்ணீரில் விட வேண்டும், நண்டு வந்து கவ்வியதும் மெதுவாக இழுத்து அடியில் வலைக்கரண்டியைக் கொடுக்க வேண்டும். எங்கள் ஊரில் கோழி வாங்கக் காசு சேர நண்டு பிடிப்போம். இங்கே நண்டு பிடிக்கக் கோழி. நான் கயிற்றை இழுத்த தோரணையைப் பார்த்துப் பக்கத்தில் இருந்த இரண்டு வெள்ளைக்காரர்கள் தங்கள் கயிற்றையும் என்னிடம் கொடுத்தார்கள்.

நாலாவதாக வந்த நண்டைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அடிவயிற்றில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கைப்பிடி முட்டை. "அண்ணே, சினை நண்டு! எங்கூருல இதுக்குத் தனி விலை. சுட்டுத் தின்னா அதுக்கப்புறம் எதுவும் ருசிக்காது" என்று கத்தினேன். அண்ணன் போட்டோ எடுத்தார். நண்டை வாளியில் போட்டோம்.

பச்சைச் சட்டை போட்ட பெண் அதிகாரி ஒருவர் பாலத்தில் நடந்து வந்தார். வணக்கம் சொன்னார். வாளியைப் பார்க்கலாமா என்று கேட்டார். பார்த்தார். பிளாஸ்டிக்கில் ஓர் அளவுகோல் எடுத்து ஒவ்வொரு நண்டாக ஓட்டின் முனைக்கு முனை வைத்துப் பார்த்தார். மூன்று சரியாக இருந்தன. சினை நண்டை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"இது தெரியுமா? முட்டையோடு இருப்பதை உடனே விட்டுவிட வேண்டும்."

ரகு அண்ணன் பதற்றத்தில் உதவி செய்ய நினைத்தார். "ஆபீசர், இவர் இந்தியாவிலிருந்து வந்திருக்கிறார். மீன்பிடி விதிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வந்திருக்கிறார்."

அந்த அம்மா என்னைப் பார்த்தார், நண்டைப் பார்த்தார். சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு குனிந்து, கையைத் தண்ணீருக்குள் விட்டு, நண்டு தானாக நீந்திப் போகும் வரை காத்திருந்தார். தூக்கி எறியவில்லை. அதை நான் கவனித்தேன். எழுத்தில் ஓர் எச்சரிக்கை கொடுத்தார், அபராதம் இல்லை. கடைசியில் அந்த அளவுகோலை என்னிடமே நீட்டி, "ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

காரில் வந்து ஏறியதும் மீரா, "அப்பா, தட் வாஸ் சோ எம்பாரசிங்" என்றாள்.  அண்ணி புளியோதரையைக் கூட நீட்டவில்லை. எனக்கு வெட்கம்தான். ஆனால் வெட்கத்தைவிட வியப்பு பெரிதாக இருந்தது. ஒரு வாளி, நாலு நண்டு. அதைப் பார்க்க ஒருவர் சனிக்கிழமை வெயிலில் நடந்து வருகிறார். அதட்டவில்லை, லஞ்சத்துக்குக் கை நீட்டவில்லை, பாலத்தில் இருந்த எல்லாருக்கும் ஒரே அளவுகோல். அன்று மாலை வரைவைத் திறந்து, "சினை நண்டையும் அளவு குறைந்த நண்டையும் பிடிக்கக் கூடாது, பிடிபட்டால் உயிரோடு விட வேண்டும்" என்று ஒரு விதி சேர்த்தேன். அருளப்பன் மாமாவுக்கும் அனுப்பினேன். இது இல்லாமல் எப்படி ஆறு பக்கம் எழுதினேன் என்று எனக்கே தெரியவில்லை.

இரண்டாம் வாரம் கலிபோர்னியா. சான் ரமோனில் ஜெயந்தன் அண்ணன் வீடு. இலங்கைத் தமிழர், மன்னார்ப் பக்கம், இங்கே பல் மருத்துவர். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்.

"தம்பி, நீர் ராமேஸ்வரம் பக்கமோ?"

"பக்கம்தாண்ணே."

"என்ர மாமா இப்பவும் மன்னாரில தொழிலுக்குப் போறவர். உங்கட பக்கத்து ரோலர், அந்த இழுவைப்படகு வந்திட்டுப் போனால் அவற்ர வலை போச்சு. தெரியுமோ?"

"நாங்க நாட்டுப்படகுண்ணே. ரோலர் எங்க வலையையும் சேத்துத்தான் அறுக்குது."

"அது தெரிஞ்சபடியால்தான் உம்மை உள்ளுக்கு விட்டனான். வாரும், இடியப்பம் ஆறப்போகுது."

சொதியும் மீன் கறியும் அப்படி ஒரு ருசி. சாப்பிடும்போது அவர் திரும்பவும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எனக்குத்தான் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரே கடல், இரண்டு கரை; உட்கார்ந்து பேச ஒரு மேசை கூட இல்லை.

மேசையை மறுநாள் பார்த்தேன். ஜெயந்தன் அண்ணன் விடுப்பு எடுத்துக்கொண்டு என்னைக் கடற்கரைப் பக்கம் நடந்த ஒரு கூட்டத்துக்கு அழைத்துப் போனார். வரும் பருவத்தில் நண்டுக் கூடுகளை எப்போது கடலில் இறக்கலாம் என்பது பேச்சு. கூட்டின் கயிற்றில் திமிங்கிலங்கள் சிக்கிக்கொள்கின்றன. அவை அந்த வழியாகப் போய் முடியும் வரை நண்டுக்காரர்கள் காத்திருக்க வேண்டியிருக்கிறது. மீனவர்கள், விஞ்ஞானிகள், திமிங்கிலத்துக்காகப் பேசுகிறவர்கள் எல்லாரும் ஒரே மேசையில். யார் வேண்டுமானாலும் எழுந்து மூன்று நிமிடம் பேசலாம். எதிரே சிறு விளக்கு. பச்சை என்றால் பேசு, மஞ்சள் என்றால் முடி, சிவப்பு என்றால் உட்கார்.

தாடி வைத்த ஒரு மீனவர் எழுந்தார். மேசை நடுங்குகிற குரல். "எனக்கும் திமிங்கிலம் பிடிக்கும். நாள்தோறும் பார்க்கிறேன், உங்களைவிட அதிகமாகப் பார்க்கிறேன். ஆனால் என் பிள்ளைகளையும் எனக்குப் பிடிக்கும். கயிறு இல்லாத கூடு என்கிறீர்கள். சரி. அதைச் செய்து பார்க்க என் படகைத் தருகிறேன். ஆனால் முடிவு எடுக்கும்போது..." விளக்கு சிவப்பானது. மனிதர் வாக்கியத்தின் நடுவில் நிறுத்திவிட்டு உட்கார்ந்தார்.

நான் வாயைப் பிளந்துவிட்டேன். எங்கள் ஊர்க்கூட்டத்தில் விளக்கு வைத்தால் முதலில் விளக்கு உடையும், பிறகு பேச்சு தொடரும்.

"என்ன தம்பி, அழுறீரோ?" என்றார் ஜெயந்தன் அண்ணன்.

"இல்லண்ணே, ஏசி."

மதியம் ஹாஃப் மூன் பே என்ற சிறு துறைமுகத்துக்குப் போனோம். மீனவர்கள் படகிலிருந்தே மக்களுக்கு மீன் விற்கிறார்கள். கறுப்புப் பலகையில் விலையை மீனவரே சாக்பீஸால் எழுதி வைத்திருந்தார். எங்கள் ஊரில் விலையை வியாபாரி சொல்வார், நாங்கள் தலையாட்டுவோம். வரிசையில் நின்ற ஒரு பாட்டி மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கியதைப் பார்த்ததும், உலகம் முழுக்க மீன் வாங்குகிறவர்கள் ஒரே சாதி என்று தெரிந்துகொண்டேன்.

அந்தப் படகுக்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன். இந்தக் கரையில் சில ஊர்களில் உரிமங்களை ஊர்ச் சங்கமே வாங்கி வைத்துக்கொள்கிறதாம். ஒரு மீனவர் வேலையை விட்டால் அவருடைய உரிமம் எங்கோ இருக்கும் பெரிய கம்பெனிக்குப் போய்விடாது. ஊரிலேயே இன்னொருவர் அதை வைத்துத் தொழில் செய்வார்.

"ஊரில் இருந்தால் என்ன, வெளியே போனால் என்ன? மீன் மீன்தானே?" என்று வேண்டுமென்றே கேட்டேன்.

அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டே கைகாட்டினார். "அதோ ஐஸ் கட்டடம். படகு குறைந்தால் அது மூடும். அது மூடினால் மிச்சப் படகுகள் வேறு துறைமுகத்துக்குப் போகும். அப்புறம் அந்த வலைக்கடை, அந்தச் சூப் கடை. சூப் கடை என் தங்கையுடையது. உரிமம் என்பது காகிதம் இல்லை தம்பி, இந்தத் தெருவே அதில் தொங்குகிறது."

அந்தச் சூப் கடையில் ஒரு கிண்ணம் குடித்தோம். நண்டுச் சூப், பக்கத்தில் மாவைப் புளிக்க வைத்துச் சுட்ட ரொட்டி. திரும்பும்போது, வாங்கிய மீனைக் காரின் பின்பக்கம் சரியாக வைக்காமல் விட்டுவிட்டேன். பாலத்தின் மேல் போக்குவரத்தில் ஒரு மணி நேரம் நின்றோம். பல் மருத்துவரின் கார் முழுக்க மீன் தண்ணீர். "பரவாயில்லை, இப்பதான் மன்னார் மணக்குது" என்றார் அண்ணன். அவர் மனைவி மட்டும் இரண்டு நாள் அந்தக் காரில் ஏறவில்லை.

அன்றும் வரைவைத் திறந்தேன். உரிமம் ஊருக்குச் சொந்தம், வெளியாளுக்கு விற்கக் கூடாது என்று இன்னொரு விதி சேர்த்தேன். எனக்கே என்னைத் தட்டிக்கொடுக்க வேண்டும் போலிருந்தது. அக்காவுக்குப் போன் போட்டு எல்லாம் சொன்னேன். "சரிடா. எனக்கு எப்பத் தருவாக?" என்று மட்டும் கேட்டாள்.

"சீக்கிரம்கா."

மூன்றாம் வாரம் டெக்சாஸ். ரிச்சர்ட்சனில் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மதுரைப் பையன் கார்த்திக்கின் அறை. என்னைவிடச் சின்னவன். "கடலைப் பாக்கணுமாண்ணே? பக்கம்தான்" என்றான். அஞ்சு மணி நேரம் காரில் போவதை டெக்சாஸில் பக்கம் என்பார்கள். மாநிலக் கடல் எல்லையும் நான் பார்த்த மற்ற இடங்களில் மூன்று மைல் என்றால் இங்கே ஒன்பது. "எங்க ஊருல எல்லாமே பெருசுதாண்ணே" என்றான், மதுரையை விட்டு வந்து ஒரு வருடம் கூட ஆகாதவன்.

பாதி வழியில் டயர் வெடித்தது. அப்படி ஒரு வெயில். மாற்று டயரிலும் காற்று இல்லை. கார்த்திக் யூடியூபில் டயர் மாற்றுவது எப்படி என்று தேடிக்கொண்டிருந்தபோது ஒரு பிக்கப் வண்டி நின்றது. தொப்பி வைத்த பெரியவர் இறங்கினார், தன் பம்ப்பை எடுத்தார், காற்றடித்தார், டயரை மாட்டினார், எங்கள் இருவருக்கும் குளிர்ந்த தண்ணீர் கொடுத்தார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். இறால் படகு பார்க்க என்றோம். "வறுத்த இறால் சாப்பிடாமல் திரும்பினால் அடித்த காற்றைத் திரும்ப வாங்கிக்கொள்வேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை.

வளைகுடாவில் ஒரு சிறு துறைமுகம். இறாலும் தூண்டில் இரையும் விற்கும் ஒரு தகரக் கடை. நடத்துகிறவர் லின், வியட்நாமியக் குடும்பத்துப் பெண், நாற்பது வயதிருக்கும். கையுறை போட்ட கை நிற்காமல் இறாலின் தலையைக் கிள்ளிக்கொண்டே இருந்தது. எங்களைப் பார்த்ததும் கேட்காமலே இரண்டு கிண்ணம் நூடுல்ஸ் சூப் ஊற்றி வைத்தார். மல்லித்தழை, எலுமிச்சை, பச்சை மிளகாய். மதுரையும் ராமநாதபுரமும் குனிந்த தலை நிமிராமல் குடித்தோம்.

டெக்சாஸில் விரிகுடா இறாலுக்குப் புதிய உரிமம் கொடுப்பதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். படகுகள் அதிகமாகி இறால் குறைந்துபோனதால், விருப்பம் உள்ளவர்களிடமிருந்து அரசே உரிமங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டது. "நல்ல வேலைதான் செய்தார்கள். கடலுக்கு மூச்சு வந்தது. இருக்கிறவர்கள் நிம்மதியாகத் தொழில் செய்கிறார்கள்" என்றார் லின்.

எனக்கு உற்சாகம். போனை எடுத்து எங்கள் படிவத்தைக் காட்டினேன். ஒவ்வொரு கட்டமாக ஆங்கிலத்தில் சொன்னேன். பெயர். தகப்பனார் அல்லது கணவர் பெயர். ஊர். கூடுகளின் எண்ணிக்கை. லின் கையுறையைக் கழற்றி, ஒரு கட்டத்தில் விரலை வைத்தார்.

"இது?"

"படகு எண். இதை நிரப்பாத விண்ணப்பம் செல்லாது."

"படகு இல்லாதவர்கள்?"

நான் படிவத்தை மேலிருந்து கீழ்வரை மறுபடி பார்த்தேன். அவர்களுக்கு ஒரு கட்டமும் இல்லை.

லின் குரலை உயர்த்தவில்லை. "இருபது வருடம் ஒருவருடைய படகில் வேலை செய்தேன். வலை இழுத்தேன், தலை கிள்ளினேன், இஞ்சின் கூடப் பார்த்தேன். அவர் நல்ல மனிதர். வயதானதும் உரிமத்தை அரசிடம் விற்றுவிட்டுப் போனார். அவர் போனது தப்பில்லை. காகிதத்தில் அவர் இருந்தார், படகு இருந்தது. நான் எந்தக் கட்டத்திலும் இல்லை. மறுநாள் காலையில் வழக்கம்போலப் படகுத்துறைக்கு வந்து நின்றேன்." அவர் கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டார். "சட்டம் எழுதினவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்குக் கரையிலிருந்து பார்க்கும்போது படகுதான் தெரிந்திருக்கிறது."

திரும்பும் அஞ்சு மணி நேரமும் போனில் அந்தப் படிவத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். அந்தக் கட்டம் எப்படி வந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். படிவம் எழுதும்போது மாதிரிக்கு ஒன்று வேண்டும் என்று பழைய படகுப் பதிவுப் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். அதில் இருந்ததை இதில் எழுதினேன். யாரையும் விலக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. எந்நேரமும் கழுத்தளவுத் தண்ணீரில் நிற்கிறவள் என் கூடப் பிறந்தவள். அவள் நினைவே எனக்கு வரவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. ஊரில் அவளைப்போல நடந்து பிடிக்கிற பெண்கள் எத்தனையோ பேர். எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்று என்னை நம்பினார்கள்.

மறுநாள் சனிக்கிழமை காலை, ஊரில் மாலை. அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன். 

"அப்ப எனக்கு இல்லையா?"

"நான் எழுதுனதுப்படி இல்லக்கா."

"நாளைக்குக் கைதூக்கிட்டாகன்னா?"

"அதுக்கப்புறம் உன்னையப் புடிக்கவிட மாட்டாக. நீ கூடு வச்சா அது திருட்டு."

"படிச்சவன்னு ஒன்னைய எழுத விட்டோம் பாரு." அதற்குமேல் திட்டவில்லை. "நாளைக்கு நீயே எல்லார் முன்னாடியும் சொல்லு. நான் போய் உக்காந்துருக்கேன். தனியா இல்ல, எல்லாரையும் கூட்டிக்கிட்டு."

ஞாயிறு காலை கார்த்திக்கின் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். ஊரில் கோயில் முற்றம், சாயங்காலம். போனை யாரோ தலைகீழாகப் பிடித்திருந்ததால் முதல் ஐந்து நிமிடம் ஊரே தலைகீழாகத் தொங்கியது. நேரானதும் பார்த்தேன். வழக்கமாக ஆண்கள் மட்டும் உட்காரும் இடத்தில் இடது பக்கம் முழுக்கப் பெண்கள். முன்னால் அக்கா. பக்கத்தில் அந்தத் தெர்மோகோல் பெட்டி. அதை ஏன் கொண்டுவந்தாள் என்று இன்றுவரை சொல்லவில்லை.

நான் எழுதியது தப்பு என்று சொன்னேன். எந்தக் கட்டம், எப்படி வந்தது, யாரெல்லாம் விடுபட்டார்கள் என்று சொன்னேன். மூன்று நிமிடம்தான் பேசினேன்.

அருளப்பன் மாமா எழுந்தார். "ஏம்ப்பா, நடந்து புடிக்கிறவகளுக்கு எதுக்கு லைசென்சு? இத்தன நாளு என்னத்தக் காட்டிப் புடிச்சாக?"

"இத்தன நாளு நீங்களும் ஒன்னத்தையும் காட்டலையே மாமா" என்றாள் அக்கா.

சிரிப்பு. மாமாவும் சிரித்தார். ஆனால் விடவில்லை. "சரி, தாரோம்னே வச்சுக்க. சினை நண்டு பூராம் கரைப்பக்கம் ஒங்க கூட்டுலதான் விழுகுது. அதை விடணும்னு ஒன் தம்பி புதுசா எழுதியிருக்கான். அதுக்குத்தான் விலையே. விட்டுருவியா நீ?"

 அக்கா பெட்டியில் கையை ஊன்றி எழுந்தாள். 

"படகுக்காரவுக எல்லாரும் விட்டா நானும் விடுறேன். ஒருத்தர் விடாட்டியும் சொல்லுங்க, மறுநாளே நான் அதைச் சுட்டுத் தின்னுட்டு லைசென்சைத் திருப்பித் தாரேன். யாரு அளக்குறது, யாரு பாக்குறதுன்னு அதுல போட்டுருக்கா?"

போடவில்லை. அதையும் நான் எழுதியிருக்கவில்லை. அன்று இரண்டு மணி நேரம் பேசினார்கள். விளக்கு இல்லாததால் எல்லா வாக்கியமும் முடிந்தது. கடைசியில், நடந்து பிடிக்கிறவர்களுக்கும் உரிமம் உண்டு, இறங்குதுறையில் பார்த்து அளக்க இரண்டு படகுக்காரர், இரண்டு பெண்கள் என்று முடிவானது. கைதூக்கினார்கள். கார்த்திக் என் பின்னாலிருந்து கைதட்டியதில் பக்கத்து அறைக்காரன் எழுந்து வந்துவிட்டான்.

ஊர் திரும்பி முதல் வேலையாக அக்காவின் விண்ணப்பத்தை எழுதினேன். படிவம் புதிது. "படகு எண் இருந்தால்" என்று மாற்றியிருந்தேன். அந்தக் கட்டம் வந்தபோது அதில் கோடு போடப் போனேன். "கோடு எதுக்குடா? அங்கயும் என் பேரையே எழுது" என்றாள். எழுதினேன்.

மாதம் ஒன்று போயிருக்கும். ஒருநாள் காலை கரையில் நின்றுகொண்டிருந்தேன். அக்கா நெஞ்சளவுத் தண்ணீரில் ஒரு கூட்டைத் தூக்கிப் பார்த்தாள். அங்கேயே நின்றாள். கையில் ஒரு பெரிய நண்டு. அடியில் ஆரஞ்சு நிறம் இங்கிருந்தே தெரிந்தது. இடப்பக்கம் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள்.

"ஒரு ஆளும் இல்லடா!" என்று கத்தினாள்.

நான் மணலில் உட்கார்ந்துகொண்டேன்.

"அமெரிக்காவுல இதுக்கு ஒனக்கு என்ன அபராதம் போட்டாக?"

"அபராதம் இல்லக்கா. எச்சரிக்கைதான்."

"ஒரு எச்சரிக்கைக்கே எங்க எல்லாரையும் இந்தப் பாடு படுத்துற!"

குனிந்து கையைத் தண்ணீருக்குள் விட்டாள். தூக்கி எறியவில்லை. அது நீந்திப் போகும் வரை என்னைத் திட்டிக்கொண்டே நின்றாள்.